தியோலிண்டாவுக்கு நண்பகலில்தான் இரவு

தியோலிண்டா சில்வெய்ராவுக்கு நான் ஒரு காலத்தில் ஆறாயிரம் டாலர் கடன்பட்டிருந்தேன். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, வட்டியும் இல்லை. வங்கிக்காரன் என் எட்டாம் வகுப்புப் படிப்பையும் என் பூட்ஸில் காய்ந்திருந்த சிமெண்டையும் பார்த்துவிட்டு "யோசிச்சுச் சொல்றோம்" என்று அனுப்பிவைத்த நாளில், அவள் தன் ரொட்டிக்கடையில் மாவு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். அந்தப் பணத்தில்தான் முதல் கலவை லாரியை வாங்கினேன். இன்று இந்த ஊர் நடைபாதையில் பாதி என் சிமெண்டு. நகர மன்றத்தின் படிக்கட்டு என் சிமெண்டு. ஊருக்கு வெளியே இருக்கிற சின்ன விமான நிலையத்தில் விமானங்களை நிறுத்தி வைக்கிற களம்கூட நான் போட்டதுதான். போய்ப் பாருங்கள், ஒரு விரிசல் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன். கடனை இரண்டு கோடைக்குள் அடைத்துவிட்டேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

என்னைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் இது தியோலிண்டாவின் கதை.

எங்கள் தெருவில் எல்லாரும் போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து கலிபோர்னியாவுக்கு மாடு கறக்க வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். அவள் மகன் ஹெலியுவுக்கு நான் ஞானத்தகப்பன். எங்கள் வழக்கத்தில் அந்த உறவு வந்துவிட்டால் அவள் எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொம்பாத்ரே. பாசத்தில் கூடப்பிறந்தவளுக்கு ஒரு படி மேல், திட்டுவதில் இரண்டு படி மேல். புருஷன் லியோனெல் செத்தபிறகு கடையை மூடிவிடுவாள் என்று ஊரே சொன்னது. அவள் மூடவில்லை. முட்டையும் வெண்ணெயும் போட்டு அவள் சுடுகிற இனிப்பு ரொட்டிக்காகப் பக்கத்து மாவட்டத்திலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். ஊர் தூங்கப் போகும்போது மாவு பிசையத் தொடங்குவாள், காலையில் விற்று முடிப்பாள், பத்தரை பதினொன்றுக்கு வீடு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பாள். சூரியன் உச்சிக்கு வரும்போது அவளுக்கு நடுச்சாமம். முப்பது வருஷமாக அப்படித்தான்.

அந்த நடுச்சாமத்தின் மேல்தான் விமானங்கள் வந்தன.

முன்பும் வரும், வாரத்துக்கு நாலு, வயலுக்கு மருந்து தெளிக்கிறவனும் சொந்த விமானம் வைத்திருந்த ஒரு பல் டாக்டரும். பிறகு கர்ட்டிஸ் லோமன் என்பவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியைத் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பையன்கள் வந்தார்கள். ஓடுபாதையில் இறங்கிச் சக்கரம் தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி மேலேறுவது, ஒரு வட்டம் அடித்து மறுபடி இறங்குவது, அதுதான் பாடம். அந்த வட்டம் தியோலிண்டாவின் படுக்கையறைக்கு நேர் மேலே வளைந்தது. ஒருவன் போனால் அடுத்தவன், அவன் போனால் முதலாமவனே திரும்ப.

காதில் மெழுகு வைத்துப் பார்த்தாள். மெத்தையைக் குளியலறைக்கு இழுத்துப் போட்டுப் பார்த்தாள். பிறகு விமான நிலையத்தின் புகார் எண்ணுக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். அவர்கள் மாதாமாதம் ஓர் அறிக்கை ஒட்டுவார்கள். அதில், வந்த புகார்களில் பெரும்பாலானவை ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று போட்டிருந்தது.

"பாத்தீங்களா கொம்பாத்ரே," என்றாள். "ஒரே வீடுன்னு எழுதினா ஒரே பைத்தியம்னு அர்த்தம்."

"வீட்டை வித்துட்டு ஊருக்குள்ள வந்துடேன்."

"இந்த வீட்டு அஸ்திவாரத்தை யார் போட்டது?"

"நான்தான்."

"நீங்க போட்ட அஸ்திவாரத்தை விட்டுட்டு யாரோ போட்டதுல போய்ப் படுக்கச் சொல்றீங்க."

சரியாகத்தான் சொன்னாள். நான் போட்ட அஸ்திவாரம் அப்படிப்பட்டது.

அந்தக் குளிர்காலத்தில் அவள் அடுப்படியில் நின்றபடியே கண் அயர்ந்துவிட்டாள். வலது முன்கை முழுவதும் சூடான தட்டில் பட்டுவிட்டது. கட்டுப்போட்ட டாக்டர் புண்ணைப் பற்றி அதிகம் பேசவில்லை. "நீங்க தூங்கணும். தூங்க முடியலைன்னா அடுப்புப் பக்கம் போகக் கூடாது. அடுத்த தடவை கையோட போகாது," என்றார். ஆக விஷயம் இவ்வளவுதான்: தூக்கம் இருந்தால் கடை, இல்லாவிட்டால் கடை இல்லை.

பள்ளியின் குத்தகை அந்த வருஷம் முடிகிறது, நகர மன்றம் அதைப் புதுப்பிக்க வேண்டும். புகார்கள் இருப்பதால் சத்தத்தை அளந்துவிட்டு முடிவு செய்வோம் என்றார்கள். ஓடுபாதையைச் சுற்றி ஐந்து வீடுகளில் வீட்டுக்கு ஒரு மைக் கம்பம், இரண்டு வாரம். அதற்கு மேல் அளக்க நகராட்சியிடம் காசு இல்லை.

அளக்க வந்தவள் மிரியம் ஹால்வர்சன் என்ற பெண். சாக்ரமெண்டோவிலிருந்து ஒரு பழைய வேனில் வந்தாள். தியோலிண்டாவின் பின்முற்றத்தில் ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம், உச்சியில் கறுப்புப் பஞ்சு உருண்டை மாட்டிய மைக், பறவை உட்காராமலிருக்க அதைச் சுற்றி முள் கம்பி, கீழே பூட்டிய பெட்டி. தினமும் காலையில் வந்து மைக்கின் தலையில் ஒரு சின்னக் குப்பியைக் கவிழ்ப்பாள். அது ஒரே சுருதியில் கீச்சிடும். அந்தச் சத்தம் இவ்வளவு என்று பெட்டி சரியாகச் சொன்னால்தான் அன்றைக்கு அதை நம்புவாள். நான் எந்தத் தளத்தையும் ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் விடமாட்டேன். அதனால் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"இது என்ன செய்யும்?" என்று தியோலிண்டா கேட்டாள்.

"சத்தம் ஒரு அளவைத் தாண்டினா முழிச்சுக்கும். எவ்வளவு, எத்தனை நேரம்னு குறிச்சுக்கும். எதோட சத்தம்னு நான் அப்புறம் கேட்டுப் பாக்கறதுக்குக் கொஞ்சம் ஒலியையும் பிடிச்சு வெச்சுக்கும்."

"என்னை மாதிரியேதான். நானும் முழிச்சுக்கிட்டுக் கேக்கறேன். எனக்கு யாரும் சம்பளம் தரல."

வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அக்கம்பக்கத்தார் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பாதியைத்தான் கேட்டார்கள். கம்பம் சத்தத்தை எண்ணுகிறது. எண்ணிக்கை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு தியோலிண்டாவுக்கு நல்லது. அவ்வளவுதான் மண்டையில் ஏறியது. நான் அந்த வாரம் டுலேரி பக்கம் ஒரு பண்ணைக்குத் தளம் போடப் போயிருந்தேன். ஊரில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

திரும்பி வந்த அன்று, கடை முடிந்து அவள் வீடு வந்த நேரத்தில் அவள் சமையலறையில் நுழைந்தேன். மிரியம் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரே பெல்மீரு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். பெல்மீரு எங்களோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஓடுபாதைக்கு அந்தப்பக்கம் இருக்கிற பெரிய மாட்டுப்பண்ணை அவனுடையது. அவன் பர்ஸிலிருந்து ஒரு டாலர் வெளியே வந்தால் அதற்கு வெளிச்சம் கண்ணைக் கூசும் என்பார்கள்.

"இதைக் கேளுங்க," என்று மிரியம் ஒரு பொத்தானைத் தட்டினாள். "இது விமானம் இல்ல. டிராம்போன்."

எங்கள் தூய ஆவிச் சபையின் வாத்தியக்குழு. ஒத்திகைக்கு மண்டபம் இருக்கும்போது, மூன்று மாலை தியோலிண்டாவின் வேலியோரம் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அடுத்தது புல்வெட்டும் இயந்திரம். புல்லே இல்லாத வீட்டில். அதற்கடுத்து ஒரு நீளமான ஓலம், நிற்காமல்.

"இதுதான் ராத்திரி பூரா இருக்கு," என்றாள் மிரியம். "என்னன்னு எனக்குப் புரியல."

தியோலிண்டா திரும்பிப் பார்க்காமலே காப்பியை ஊற்றினாள். "அது பெல்மீருவோட கன்னுக்குட்டி."

"எப்படித் தெரியும்?"

"அவனை மாதிரியேதான் அழுது."

பெல்மீரு தாயிடமிருந்து அப்போதுதான் பிரித்த கன்றைக் கொண்டுவந்து கம்பத்துக்கு நேரே வேலியில் கட்டியிருக்கிறான். பால் மறக்கிற கன்று மூன்று நாள் கத்தும் என்பது மாடு வைத்திருக்கிறவனுக்குத் தெரியும். அது அவன் கணக்கு.

"உனக்கு ஒத்தாசை பண்ணத்தான் செஞ்சேன்," என்றான். "கன்னுக்கு ஒரு பைசா கேட்டனா?"

"கேக்கலையேன்னுதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு," என்றாள் தியோலிண்டா.

மிரியம் கணினியை மூடினாள். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை போலிருந்தது. "இந்த வாரத்துல பெரும்பகுதியைத் தூக்கிப்போடணும். விமானம் எது, மத்தது எதுன்னு பிரிக்க முடியல. பள்ளிக்காரங்க ஏற்கெனவே சொல்றாங்க, இந்தத் தெருவுல பேண்டும் நாயும் போடற சத்தத்துக்கு எங்க மேல பழின்னு. இப்போ அவங்களுக்கு நாமளே சாட்சி குடுத்திருக்கோம். அடுத்த வாரமும் இப்படி ஆனா உங்க முற்றத்தையே அறிக்கையிலேர்ந்து எடுத்துடுவேன். எடுத்துத்தான் ஆகணும்."

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். ஏனென்றால் அடுத்த வாரம் கிரீடம் வருகிறது.

ஈஸ்டருக்குப் பிறகு ஏழு வாரம் தூய ஆவியின் வெள்ளிக் கிரீடம் ஏழு வீடுகளில் தங்கும். யார் வீடு என்று சீட்டுக் குலுக்கி எடுப்போம். வந்த வீட்டில் தினமும் சாயங்காலம் தெருவே கூடி ஜெபமாலை சொல்லும், பாடும், சாப்பிடும், மறுபடி பாடும். ஹெலியு போரிலிருந்து முழுசாகத் திரும்பி வந்தால் கிரீடத்தை என் வீட்டில் வைக்கிறேன் என்று தியோலிண்டா நேர்ந்துகொண்டிருந்தாள். பையன் திரும்பி வந்து, கல்யாணம் செய்து, தலை வழுக்கையாகவும் ஆரம்பித்துவிட்டான். வருஷா வருஷம் பெயர் போட்டும் சீட்டு விழவில்லை. அந்த வருஷம் விழுந்தது. அதுவும் அந்த வாரத்துக்கு.

சபைத் தலைவன் நான். மண்டபத்தில் கூட்டம் போட்டேன். அறுபது எழுபது பேர் வந்தார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கிரீடத்தை வேறு வீட்டுக்கு மாற்றிக்கொடு, வருகிற வருஷம் சீட்டுக் குலுக்காமலே உனக்குத் தருகிறோம் என்றார்கள். கம்பத்தை என் முற்றத்துக்கு மாற்றலாம் என்று நானே சொன்னேன்.

தியோலிண்டா கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கொம்பாத்ரே, உங்க முற்றத்து மேல விமானம் வளையறதில்ல. உங்க வீட்டுல கம்பம் உங்க குறட்டையைத்தான் எழுதும்." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "கிரீடமும் என் வீட்டுலதான். கம்பமும் என் வீட்டுலதான். நீங்க எல்லாரும் வாயை மட்டும் உங்க வீட்டுல வெச்சுட்டு வாங்க."

"பாட்டு இல்லாம ஜெபமாலையா?" என்று வாத்தியக்குழுவில் ஒருவன் கேட்டான். "தூய ஆவிக்குக் கேக்க வேணாமா?"

"அவருக்குக் கேக்கும். கம்பத்துக்குத்தான் கேக்கக் கூடாது."

"அதெல்லாம் வழக்கம் இல்ல, தியோலிண்டா."

"புல்லு இல்லாத வீட்டுல புல்லு வெட்டறது வழக்கமா?"

அவள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கொடுத்தாள். தெரு நாய்கள் எல்லாம் என் லாரிக் கொட்டகைக்கு. குழந்தைகளுக்குப் பள்ளி விட்டதும் ஆற்றங்கரை. வாத்தியக்குழு மண்டபத்துக்குள், கதவு சாத்தி. காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வரவேண்டும். பெல்மீருவிடம், "நீ கன்னைத் தாய்கிட்ட விடு, அவ்வளவு போதும்," என்றாள்.

அந்த வாரத்தை நான் மறக்கமாட்டேன். பேசாமல் இருக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. சாவு வீட்டில்கூட மாட்டு விலை பேசுவோம். ஆனால் முதல் சாயங்காலமே வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். முன்னறையில் காகிதப் பூக்களுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவில் கிரீடம் இருந்தது. ஐம்பது பேர் உதடு மட்டும் அசைய ஜெபமாலை சொன்னோம். மணி உருட்டுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பிறகு வெந்த மாட்டிறைச்சிக் குழம்பை ரொட்டிமேல் ஊற்றி மரக்கரண்டியால் சாப்பிட்டோம். உலோகக் கரண்டி எதையும் அவள் வெளியே எடுக்கவில்லை. யாருக்கோ தும்மல் வந்தபோது பக்கத்திலிருந்தவள் அவர் முகத்தில் தன் சால்வையை அமுக்கினாள்; மனிதர் மூச்சு முட்டிச் செத்திருப்பார். பாதி ஜெபத்தில் தலைக்கு மேலே ஒரு பயிற்சிப் பையன் வட்டமடித்துப் போனான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கிரீடத்தின் மேலிருக்கிற வெள்ளிப் புறா நடுங்கியது. எத்தனையோ வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறோம், அந்தச் சத்தம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எங்களில் பாதிப்பேர் கேட்டோம். அதுவரை எங்கள் சத்தம் அதை மூடியிருந்தது.

என் பக்கத்தில் மண்டியிட்டிருந்த பெல்மீரு என் காதோரம் வந்து, "இதுக்கடியிலயா இவ தூங்கறா?" என்றான். தியோலிண்டா அவனைப் பார்த்த பார்வையில் மறுபடி வாய் திறக்கவில்லை.

நகர மன்றம் கூடிய நாளில் படிக்கட்டில் ஏறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் படிக்கட்டு. உள்ளே இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். கர்ட்டிஸ் லோமன் தன் பையன்கள் சிலரைச் சட்டை இஸ்திரி போட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. நான் போட்ட களத்துக்குச் சொன்ன தேதியில் பணம் கொடுத்தவர்.

மிரியம் எழுந்து முதலில் கசப்பானதைச் சொன்னாள். ஐந்து கம்பங்களிலும் நாள் முழுவதற்குமான சராசரி, சட்டம் சொல்கிற கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. தியோலிண்டாவின் வீட்டிலும்தான். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. லோமன் முகம் மலர்ந்தது. மன்றத் தலைவி தாளைப் புரட்டிக்கொண்டு, "அப்போ இதுல முடிவு சுலபம்தானே," என்றாள்.

"ஒரு கேள்வி இருக்கு," என்றாள் தியோலிண்டா. கடையில் வாடிக்கையாளரிடம் விலை சொல்கிற அதே குரல். "மிரியம், அந்தச் சராசரியை எப்படிப் போட்டீங்க? எனக்குச் சொன்னதை இவங்களுக்கும் சொல்லுங்க."

"ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு விமானம் போனா அதைப் பத்து விமானமா எண்ணுவோம். சாயங்காலம் போனா கொஞ்சம் கூட்டி எண்ணுவோம். பகல்ல போனா ஒண்ணு ஒண்ணுதான்."

"ராத்திரிக்கு ஏன் பத்து?"

"ஆளுங்க தூங்கற நேரம்."

"ராத்திரி நான் உங்க எல்லாருக்கும் ரொட்டி சுட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு ராத்திரி மத்தியானம்தான். என் ராத்திரியில போனதை எத்தனையா எண்ணினீங்க?"

"ஒண்ணா."

மன்றம் சத்தமில்லாமல் இருந்தது. அந்த வாரப் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இன்னும் போகவில்லை.

மிரியம் தன் தாளைப் பார்த்தாள், பிறகு தலைவியைப் பார்த்தாள். "சட்டம் கேக்கற கணக்கை நான் குடுத்துட்டேன். அறிக்கையோட பின்னிணைப்புல இன்னொண்ணும் இருக்கு, யாரும் புரட்டிப் பாத்திருக்க மாட்டீங்க. தூங்கற ஆளை எழுப்பற அளவு சத்தம் எத்தனை தடவை வந்துச்சுங்கறது. வழக்கமா இதை வெச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாது, ஏன்னா ஊர்ல ஆயிரம் சத்தம் இருக்கும். ஆனா இரண்டாவது வாரம் அந்த முற்றத்துல வேற சத்தமே இல்ல. நான் இந்த வேலைக்கு வந்ததிலேர்ந்து இப்படி ஒரு சுத்தமான பதிவைப் பாத்ததில்ல. குறிச்சதுல ஒவ்வொண்ணும் விமானம்னு என்னால சத்தியம் பண்ண முடியும். வேலை நாள்ல மத்தியானம் பூரா, ஒரு முட்டை வேகற நேரம்கூட அங்கே சேந்தாப்ல அமைதி இருந்ததில்ல."

பின்னாலிருந்து யாரோ கைதட்டப் பார்த்தார்கள். தியோலிண்டா திரும்பினாள், கை நின்றது.

லோமன் எழுந்தார். நாயையும் பேண்டையும் பற்றிப் பேச எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். "மேடம், பள்ளியை மூடச் சொல்றீங்களா?"

"நான் ஏன் மூடச் சொல்லணும்? உங்க பசங்க காலையில என் கடையிலதான் சாப்பிடறாங்க. பன்னிரண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வட்டத்தை அந்தப் பக்கம் திருப்பி அடிக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கம் புல்லும் மாடும்தான்."

"ஓட்டறவன் இடது சீட்டுல உக்காந்திருப்பான். இடது பக்கம் திரும்பினா ஓடுபாதை அவன் கண்ணுல இருக்கும். வலது பக்கம்னா எட்டிப் பாக்கணும். புதுசா கத்துக்கறவனுக்குக் கஷ்டம்."

"அவன் கத்துக்கத்தானே காசு கட்டியிருக்கான்?"

முன்வரிசைப் பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். லோமனும்கூட. "மத்திய அரசு விமான அலுவலகத்துக்கு எழுதிக் கேக்கணும். பள்ளியே விரும்பிக் கேட்டா மறுக்க மாட்டாங்க. எனக்குச் சம்மதம். ஆனா அந்தப் பக்கத்துக்காரர் ஒத்துக்கணும். இல்லன்னா அடுத்த வருஷம் இதே ரூம்ல அவரோட சண்டை."

அந்தப் பக்கத்துக்காரன் பெல்மீரு. எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். தொப்பியை மறுபடி கையில் சுழற்ற ஆரம்பித்தான்.

"தியோலிண்டா, உன்மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உனக்கே தெரியும்," என்றான்.

"விஷயத்துக்கு வா."

"ஆயிரத்து இருநூறு மாடு. தலைக்கு மேல சத்தம் போட்டா பால் இறங்காது. என் நஷ்டத்தை யார் தர்றது?"

"எவ்வளவு நஷ்டம் ஆகும்?"

அவன் மேலே பார்த்து மனசுக்குள் கூட்டினான். "கோடை முடியறதுக்குள்ள குறைஞ்சது நாலாயிரம் டாலர்."

தலைவி பேனாவைக் கீழே வைத்தாள். அங்கேயே எல்லாம் முடிந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன். நான் எழுந்து அந்தப் பணத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். எனக்கு அது பெரிய தொகை இல்லை. தியோலிண்டா என் தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

"கோடை முடியற வரைக்கும் ஒத்திகை பாப்போம்," என்றாள். "பால் குறைஞ்சா நாலாயிரத்தையும் நான் தரேன், என் கடை மேல எழுதி வாங்கிக்கோ. குறையலைன்னா அதே நாலாயிரத்தை நீ எனக்குத் தரணும், வட்டமும் அங்கேயே இருக்கும்."

"கோடையில வெயிலுக்கே பால் குறையும்," என்றான் பெல்மீரு சட்டென்று.

"தெரியும். நானும் மாட்டுக்காரன் பொண்ணுதான். அதனால போன கோடைப் பாலோட ஒப்பிடுவோம், அதே மாசம், மாட்டுக்கு இவ்வளவுன்னு. பால் கூட்டுறவுக்காரங்க தர்ற சீட்டு இருக்கு, நீ சொல்ற கணக்கு வேணாம்."

மன்றத்தில் எங்கள் ஆட்கள் எழுபது பேர் பெல்மீருவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொன்னால் தான் சொன்ன நஷ்டத்தை அவனே நம்பவில்லை என்றாகும். "சரி," என்றான். அந்த ஒரு வார்த்தைக்குள் நாலாயிரம் டாலர் வலி இருந்தது.

கடையை இழக்காமலிருக்கக் கடையையே பணயம் வைக்கிறவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. படிக்கட்டில் இறங்கும்போது கேட்டேன், "கொமாத்ரே, பால் நிஜமாவே குறைஞ்சுட்டா?"

"குறையாது."

"எப்படித் தெரியும்?"

"அவன் அப்பா மாடு கறக்கும்போது பக்கத்துல ரேடியோவைக் கத்த விட்டிருப்பார். அந்த மாடுங்களோட பேத்திங்கதானே இதெல்லாம்." கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னாள்: "தெரியாது கொம்பாத்ரே. ஆனா தூங்கினா எனக்குக் கடை வேணும். தூங்கலைன்னா அந்தக் கடையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?"

மன்றம் குத்தகையைப் புதுப்பித்தது, விமான அலுவலகத்தின் அனுமதியும் வந்தது. அனல் அடிக்கிற ஒரு மத்தியானம் எல்லாரும் தெருவில் நின்று பார்த்தோம். வெள்ளை விமானம் ஒன்று மேலே ஏறியது, ஒரு கணம் பழைய பக்கமே சாய்கிற மாதிரித் தயங்கியது, பிறகு வலது இறக்கையைத் தாழ்த்திப் பெல்மீருவின் புல்வெளிப் பக்கம் வளைந்து போனது. சத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கோ தையல் இயந்திரம் ஓடுவது மாதிரி இருந்தது. தியோலிண்டா தெருவுக்கு வரவில்லை. திரைச்சீலை இழுத்திருந்தது.

கோடை முழுவதும் பெல்மீரு சந்தோஷமாக இல்லை. விமானம் போகும்போதெல்லாம் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று எதிர்பார்த்து வேலியில் நின்றானாம். ஒன்றும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சோம்பேறிங்க," என்று என்னிடம் புலம்பினான். தியோலிண்டாவின் கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பு போனது. கைக்கட்டுப் போய், சுட்ட தோல் இளஞ்சிவப்பாக மினுமினுத்தது. என்னைத் திட்டுகிற குரலில் பழைய பலம் வந்துவிட்டது. அதை வைத்துத்தான் நான் அவள் தூக்கத்தை அளந்தேன்.

முதல் குளிர்காற்று அடித்த வாரத்தில், காலை நேரத்தில், ரொட்டிக்கடையில் கூட்டம் இருக்கும்போதே பெல்மீரு உள்ளே வந்தான். கூட்டுறவுச் சீட்டுகளைக் கல்லா மேசைமேல் பரப்பினான். மாட்டுக்கு இவ்வளவு என்று பார்த்தால் போன கோடையைவிட ஒரு கையளவு கூடுதலாகவே இருந்தது.

"இந்த வருஷம் மாடு நல்ல மாடு," என்றான். "அதனால ஈடு கட்டிடுச்சு. இல்லன்னா குறைஞ்சிருக்கும்."

"அப்போ நல்ல மாட்டை விமானம் ஒண்ணும் பண்றதில்லைன்னு ஆச்சு."

"தீவனமும் மாத்தினேன்."

"பெல்மீரு."

"பாதி இப்போ வாங்கிக்கோயேன், தியோலிண்டா. பாதி கிறிஸ்துமஸுக்கு."

அவள் கையிலிருந்த மாவை ஏப்ரனில் துடைத்துவிட்டு, சுட்ட தழும்பு மேலே தெரிய, வலது உள்ளங்கையை அவன் முன்னால் விரித்து நீட்டினாள். லோமனின் பையன்கள் இரண்டுபேர் வாயில் ரொட்டியோடு திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் நின்றவர்கள் யாரும் தங்கள் முறையைக் கேட்கவில்லை. பெல்மீரு இடமும் வலமும் பார்த்தான், பர்ஸை எடுத்தான், கட்டைவிரலை நாக்கில் தொட்டான். நூறு டாலர் நோட்டுகளாக ஒவ்வொன்றாக அவள் கையில் வைத்தான். ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தேய்த்துப் பார்த்தே வைத்தான். அவளும் அவனோடு சேர்ந்து உதட்டுக்குள் எண்ணினாள். கடைசி நோட்டை அவன் உடனே விடவில்லை. அவளும் கையை மூடவில்லை. பிறகு விட்டான்.